உப்புப் பார்க்கும் ஈஸ்வரி

கத்தரிக்காயை நிறுத்துப் பையில் கொட்டும்போதே அதற்கான குழம்பையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறாள் ஈஸ்வரி. "இத்த நாலா கீறிக்கோ, காம்ப எடுக்காத. சின்ன வெங்காயம் ஒரு பிடி, முழுசா. ரெண்டையும் ஒண்ணா எண்ணெய்ல போட்டுடாத. வெங்காயம் மொதல்ல, அது கண்ணாடி மாரி ஆனப்பறம் கத்தரி. புளி கடைசில." கேட்டவர்களுக்கு மட்டும் என்றில்லை, கேட்காதவர்களும் கேட்டாக வேண்டும். ஆலங்காயம் பஸ் வந்துவிட்டது என்று பையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவரின் முதுகைப் பார்த்தும் மீதிச் சமையலைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் திரும்புவாள்.

மலை மேல், காவலூர் போகிற சாலையோரத்தில், தன் வீட்டு வாசலிலேயே நீலத் தார்ப்பாய் கட்டிக் கடை. வெங்காயம் கீழிருந்து மூட்டையாக பஸ்ஸில் வரும். மொச்சை, அவரை, பரங்கி, பீர்க்கங்காயெல்லாம் மலைக் கொல்லைகளிலிருந்து கூடையில் வரும். மூட்டையைப் பிரித்ததும் வெங்காயத்தை ஒவ்வொன்றாகக் கழுத்தில் அழுத்திப் பார்ப்பாள். கழுத்து மெத்தென்றிருந்தால் உள்ளே அழுகல். "மேல பாத்தா மாப்பிள்ள மாரி கீது, உள்ள பாரு" என்று அதைத் தூர எறிவாள். வெங்காயத்தின் மேல் அவளுக்கு இருக்கும் கண்டிப்பை மனிதர்கள் மேல் காட்டியிருந்தால் பஞ்சாயத்தில் நிறுத்தி ஜெயிக்க வைத்திருப்பார்கள்.

இவளுடைய யோசனைகளுக்கு நிரந்தர வாடிக்கை சரிதா. சந்தவாசலிலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவள், கணவனுக்கு வானாய்வகத்தில் இரவு வேலை. மலையே எழுந்திருக்கும் நேரத்தில் அவன் போர்த்திக்கொண்டு படுப்பான். அவன் தூங்கும் வீட்டில் மிக்ஸி ஓட்ட முடியாது, குக்கர் விசில் அடிக்க முடியாது.

"அக்கா, சத்தம் வராத கொழம்பு எதனா சொல்லுங்க. இப்பத்தான் படுத்தாரு."

"முள்ளங்கி எடுத்துக்கோ. வெங்காயம் நல்லா செவந்தப்பறம் போடு, அந்த நாத்தம் ஓடிடும். அரைக்கவே வாணாம், பருப்ப மத்துல கடைஞ்சிக்கோ. பீர்க்கங்கா தோல தூக்கிப் போட்டுடாத, வெங்காயத்தோட வதக்கி அம்மில நசுக்கினா தொகையலு. உப்பு பாத்துட்டு எறக்கு. நாக்குல வைக்காம மட்டும் எறக்காத, தெரிதா?"

எல்லாக் குறிப்பும் இந்த இடத்தில்தான் வந்து முடியும். கீரை கடைவதானாலும், சாமைச் சோறானாலும், வெறும் வெங்காயப் பச்சடியானாலும், நாக்கில் வைத்துப் பார்க்காமல் இறக்கக் கூடாது. சரிதா முதலில் இதைச் சமையல் பக்குவம் என்றே நினைத்திருந்தாள்.

ஈஸ்வரி சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் விவரம் புரியும். குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவாள். இறக்கும்போது இன்னொரு சொட்டு. தட்டில் ஊற்றிய பிறகு அந்தத் தட்டிலிருந்தே விரலால் தொட்டு வாயில் வைப்பாள். நாக்கு சப்புக்கொட்டும் ஓசை தெருவுக்குக் கேட்கும். கடைசியாக ஒரு பச்சை வெங்காயத்தை எடுத்து நறுக்கென்று கடித்து, பல் பட்ட மீதியைத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். அந்தத் தட்டு அவள் சாப்பிடும் தட்டு அல்ல. அவள் கணவன் கருப்பனுடையது.

கருப்பன் குடகுப் பக்கம் மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவன். ஊரிலிருந்து ஆட்கள் சேர்ந்து போனார்கள். மழைக்காலம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள், அவன் வரவில்லை. ஆற்றோரம் ஒருநாள் சாயங்காலம் கை கால் கழுவப் போனான், அப்புறம் பார்க்கவில்லை என்றார்கள். தேடினார்களாம். சட்டை கிடைக்கவில்லை, செருப்பு கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கிடைக்காதவனை எப்படிச் செத்தவன் என்பது என்று ஈஸ்வரி கேட்டாள். அப்புறம் எத்தனையோ புரட்டாசி போய்விட்டது, அவள் நெற்றியில் குங்குமம் அப்படியே இருக்கிறது.

செத்தவர்களுக்குச் சமைப்பதற்கு அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. படையல் சோற்றை ருசி பார்க்கக் கூடாது, உப்புப் பார்க்கக் கூடாது, முதல் வாய் போனவருக்குத்தான். வெங்காயம், பூண்டு சேரக் கூடாது. காகம் வந்து கொத்தினால் அவர் ஏற்றுக்கொண்டார் என்று கணக்கு. ஈஸ்வரி இதையெல்லாம் தலைகீழாகச் செய்தாள். தட்டில் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் வெங்காயம். ஒன்று விடாமல் எல்லாமே எச்சில். எமனே வந்து எட்டிப் பார்த்தாலும் இது படையல் இல்லை, வீட்டு மனுஷனுக்கு எடுத்துவைத்த சாப்பாடு என்று தெரிந்துகொள்ள வேண்டும். "நான் படைச்சாதான் அவரு செத்தவரு. நான் எச்சி பண்ற வரைக்கும் அவரு வெளிய போயிருக்காரு, அவ்ளோதான்" என்பாள். அவள் அடுத்த பேச்சில் அவரைக்காய்க்கு நார் எடுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பின்கட்டில், கல் மேடையில், மூடி போட்டு அந்தத் தட்டு இருக்கும். சாயங்காலம் மாட்டுக்குப் போய்விடும்.

இதில் அக்கம்பக்கத்தார் வாய்விட்டுப் பேசாத சங்கதிகள் சில உண்டு. எல்லார் வீட்டுக் கூரையிலும் காகம் உட்காரும், ஈஸ்வரி வீட்டுக் கூரையில் உட்காராது. பின்கட்டுப் புளியமரத்தில் வரிசையாக இருக்கும். இறங்காது, கரையாது. தட்டு வைத்திருக்கும் பக்கமாகக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். பரங்கி விதையை அள்ளி வீசிப் பார்த்தாள் ஈஸ்வரி ஒருநாள். விதை முளைத்துக் கொடி வந்ததே தவிர ஒரு காகம் கீழே வரவில்லை.

இன்னொன்று, தும்மல். காய்ந்த மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டு நெடி கிளம்பினால் கருப்பனுக்குத் தும்மல் வரும், அவன் இருந்த காலத்தில். இப்போதும் பின்கட்டிலிருந்து ஒரு தும்மல் வருகிறது. ஒன்றே ஒன்று. சரிதா ஒருமுறை கொத்தவரை வாங்க உள்ளே வந்தவள் தன் காதால் கேட்டாள். யாரோ இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். பனி மூட்டமும் புளியமரமும்தான் இருந்தன. ஈஸ்வரி கரண்டியை விடாமல், தலையைத் திருப்பாமல், "தோ, ஆயிடுச்சி" என்றாள், அந்தப் பக்கமாகப் பார்த்து இல்லை, சட்டியைப் பார்த்து. சரிதா கொத்தவரையை மறந்து வீட்டுக்கு வந்து, தூங்குகிற கணவனை எழுப்பித் திட்டு வாங்கினாள்.

சில நாள் மூடியைத் திறக்கும்போது சோற்றின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், விரல் நுனிகளை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டது போல. ஒரு பருக்கை குறைந்திருக்காது. "பூனை" என்பாள் ஈஸ்வரி. மூடி போட்டபடி இருக்கும் தட்டில் கை வைக்கும் பூனை எந்த ஊர்ப் பூனை என்று அவளைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அவளுக்குமே அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் பயம்தான். ஏன் சாப்பிடாமல் போகிறார் என்ற பயம்.

போன புரட்டாசி அமாவாசை அன்று காலை கருப்பனின் தம்பி விஜயராஜ் வந்தான். ஊர் முழுக்கப் படையல் வாசனை. அன்று வெங்காயம் விற்காது, வாழைக்காயும் பூசணியும் அவரையும்தான் போகும். அன்று மட்டும் ஈஸ்வரி சமையல் குறிப்பைப் பாதியில் நிறுத்திக்கொள்வாள். "உப்பு... உங்க கை அளவு" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்ப்பாள்.

விஜயராஜ் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் "இந்த வருசமாவது அண்ணனுக்குப் படைச்சிடலாம்" என்று கேட்பவன், இந்தத் தடவை அதைக் கேட்கவில்லை. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"இன்னா விஜீ, காய் எதனா வோணுமா?"

"அண்ணி, தெனம் அண்ணன் கனவுல வர்றாரு. வாசல்ல குந்திக்கினு, பசிக்குதுடான்றாரு. உள்ள வாண்ணா, துன்னலாம்னு கூப்புட்டா, எம் பொண்டாட்டி எல்லாத்தையும் எச்சி பண்ணி வெச்சிக்கீறா, நான் இன்னாத்த துன்றதுன்னு கேக்கறாரு."

ஈஸ்வரியின் கையிலிருந்த எடைக்கல் தராசுத் தட்டில் விழுந்தது. "எங்கிட்ட வந்து சொல்லலியே."

"உங்ககிட்ட சொல்ல மனசு வராதுங்க அண்ணி."

"உசுரோட கீறவங்கதான் தும்முவாங்க" என்றாள் அவள். விஜயராஜ், போய்ட்டு வர்றேன் என்று எழுந்து போனான்.

இத்தனை காலமும் அவள் ஒரு பக்கத்தை மட்டும்தான் யோசித்திருந்தாள். உயிரோடு இருப்பவனுக்குப் படைத்துவிட்டால் அவனைக் கொன்றது போல. மறுபக்கம் இப்போதுதான் தெரிந்தது. ஒருவேளை அவன் போய்விட்டவன் என்றால், தினம் தினம் தட்டருகே வந்து, விரல் வைத்துப் பார்த்து, எச்சில் என்று கையை எடுத்துக்கொண்டு பட்டினியாகத் திரும்பியிருக்கிறான். அனுப்பியவள் அவள். வாடிக்கைக்காரி ஒருத்தி இரண்டு தடவை விலை கேட்டும் பதில் வராமல் தானே நிறுத்து எடுத்துப் போனாள்.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் வழக்கம்போல உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். வெங்காயத்தைத் தோலுரித்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். பரங்கிக்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சாமைச் சோறு. கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, மனம் குடகு ஆற்றங்கரையில் நின்றது. சோற்றைப் போட்டாள், கூட்டை ஊற்றினாள், பொரியலை ஓரத்தில் வைத்தாள். தட்டைக் கல் மேடைக்குக் கொண்டுபோய் வைத்தாள். மூடி எடுக்க உள்ளே வந்தபோது கிண்ணம் கண்ணில் பட்டது. உரித்த வெங்காயம் உரித்தபடி இருந்தது. ஒன்றுகூட எதிலும் சேரவில்லை. நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். காலையில் குடித்த டீயின் கசப்பைத் தவிர வாயில் வேறு எந்த ருசியும் இல்லை. மறந்தாளா, கை தானாகவே விட்டுவிட்டதா, அவளுக்கே தெரியாது.

வெங்காயத்தை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

கல் மேடையில் ஒரு காகம் இறங்கியிருந்தது. மற்றவை மரத்தில் அசையாமல் இருந்தன. விரட்டத் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. காகம் அவளைப் பார்த்தது, பறக்கவில்லை. காகங்கள் தின்பது போல அள்ளிக்கொண்டு ஓடவில்லை அது. தட்டின் ஒரு பக்கத்திலிருந்து, ஒழுங்காக, அவசரமில்லாமல், ரொம்ப நாள் பசித்தவன் வெட்கத்தோடு சாப்பிடுவது போலச் சாப்பிட்டது.

ஈஸ்வரியின் கை மெல்ல இறங்கியது. வெங்காயம் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தது.

"உப்பு செரியா கீதா?" என்று கேட்டாள்.

காகம் நிமிராமல் தின்றது. வயிறு நிறைந்ததும் அலகைக் கல்லில் இரு பக்கமும் துடைத்துக்கொண்டு, பனிக்குள் பறந்து போனது. மரத்திலிருந்தவையும் பின்னாலேயே எழும்பிப் போயின. மரம் வெறுமையாக நின்றது.

அவள் தரையில் கிடந்த வெங்காயத்தைத் தாண்டிக் கல் மேடைக்கு வந்தாள். பிறகு தட்டை எடுத்தாள். அதைக் கழுவவில்லை. அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தத் தட்டிலேயே தனக்கும் சோறு போட்டுக்கொண்டு, காகம் கொத்திவிட்டுப் போன பக்கமாகப் பார்த்துப் பிசைந்து, அவர் எச்சிலோடு முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.