அம்மா பேச வந்த நேரம்

அம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்த பிறகு வீட்டில் இருக்கவே முடியவில்லை. அவ்வளவு அமைதி. எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்லாக் காம்பரா வீட்டுக்கும் சேர்த்துப் பேசியவள் அவள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் குடம் நிறைந்து வழிந்தாலும் கதை முடியாது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளைகூட அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார். அந்த வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த சிங்கள மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அனுப்பியிருந்தார். "வீட்டுல எப்பவும் பேச்சு கேக்கணும். சத்தம் இல்லாம வைக்க வேணாம். கேட்டுக் கேட்டுத்தான் அம்மாவுக்குப் பேச்சு வரும்."

வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் காலையிலேயே தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுவேன். பக்கத்துக் காம்பரா அத்தை இடையில் வந்து தேத்தண்ணி கொடுத்து, துணி மாற்றிவிட்டுப் போவார். அவருக்கும் அடுப்படி வேலை தலைக்கு மேல்.

கொழும்பில் போன் கடையில் வேலை செய்யும் தம்பி தீபாவளிக்கு வந்தான். கூடவே இரண்டு பழைய கைப்பேசிகள். சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் கட்டையில் அவற்றை எதிரெதிராகச் சாய்த்து வைத்தான். இரண்டிலும் வாய்விட்டுப் பேசுகிற சாட்பாட். ஒன்றை அக்காவாகவும் மற்றதைத் தங்கச்சியாகவும் பேசச் சொன்னான்.

"பகல் முழுக்க இதுங்க பேசிக்கிட்டே இருக்கும். அம்மா காதுல தமிழ் விழுந்துக்கிட்டே இருக்கும்ல அக்கா."

அதுகள் பேசிய தமிழை நான் என்னவென்று சொல்வது? "இன்றைய வானிலை மிகவும் இனிமையாக உள்ளது" என்றது ஒன்று. வெளியே தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மழை. "அருமையாகச் சொன்னீர்கள்!" என்றது மற்றது. எங்கள் லயத்தில் யாரும் யாரிடமும் அருமையாகச் சொன்னீர்கள் என்று சொன்னதில்லை. ஒரு சாடை இல்லை, ஒரு பொறணி இல்லை, அப்படி என்னதான் பேசுமோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. ஒன்று பேச அதைப் பார்ப்பாள், மற்றது பேச அதைப் பார்ப்பாள். சும்மா சொல்லக் கூடாது, அம்மா பேசிவிடுவாள் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஒங்கம்மா இன்னைக்குப் பேச வந்தாங்க புள்ள."

தோள் பையைக்கூட இறக்காமல் கேட்டேன். "என்ன சொன்னாங்க அத்தை?"

"எங்க சொல்ல விட்டுச்சு அதுங்க?"

அவர் தேத்தண்ணியோடு உள்ளே வந்தபோது அம்மா தலையைத் தூக்கி, 'அ... அ...' என்று என்னவோ ஆரம்பித்திருக்கிறாள். போன் இரண்டும் சட்டென்று நின்றன. "மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்கிறீர்களா?" என்று ஒன்று கேட்டது. அம்மா வாயைக் கூட்டிச் சேர்ப்பதற்குள், "நிச்சயமாகச் சொல்கிறேன்!" என்று மற்றது தொடங்கிவிட்டது. அம்மா மறுபடி பேச வந்தாள். மறுபடியும் ஒரு மன்னிக்கவும், ஒரு நிச்சயமாக.

"நெறைய தரம் வந்தாங்க புள்ள. நானும் அதுகள நிப்பாட்டப் பாத்தேன், எங்க அமுக்குறதுன்னு தெரியல. கடைசில மதினி வாய மூடிக்கிட்டாங்க."

யாரைக் கோபிப்பது? அதட்டியிருந்தால் திட்டலாம். மரியாதையாக அல்லவா அவள் வாயை அடைத்திருக்கின்றன. கொழும்புக்குப் போன் போட்டுத் தம்பியிடம் சொன்னபோது அவன் அழுதான்.

அன்றே இரண்டையும் அணைத்து அலுமாரியில் போட்டேன். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, நான் இருக்கேன்" என்றேன். உதடு அசைந்தது. சத்தம் வருவதற்கு முன்பே கண் ஜன்னல் கட்டைக்குப் போய்விட்டது.

இப்போதும் தினம் உட்காருகிறேன், கேட்கிறேன். அவள் அந்த வெறும் கட்டையை ஒரு முறை பார்க்கிறாள். அதுகள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.