ட்ரொலியில் வந்த மாப்பிள்ளை

போன கிழமை நானும் மனைவியும் பொலன்னறுவையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். புணானையில் ரயில் நின்றுவிட்டது. ஜப்பான்காரனோடு யுத்தகாலம் அல்லவா... எதிரே வரும் பட்டாளத்து ரயிலுக்கு வழிவிட வேண்டுமாம்.

எங்களுக்கு முன்னால் இருந்த இளைஞருக்குப் பொறுமை போய்விட்டது. எழும்புவார், எட்டிப் பார்ப்பார், இருப்பார். கடைசியில் என்னிடமே கேட்டுவிட்டார்: "இந்தக் கோச்சிய நம்பி ஆராவது ஒரு நல்ல காரியத்துக்குப் போவாங்களா, ஐயா?"

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஏன் சிரிக்கமாட்டாள்? அவளைக் கைபிடிக்க நான் வந்ததே இந்தக் கோச்சியை நம்பித்தானே.

அப்போது மட்டக்களப்புக்கு ரயில் ஓடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. நான் மாகோவில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். பெண் செங்கலடியில். தை மாதத்தில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். நாலு நாள் முந்தியே வந்துவிடு என்று அம்மா சொல்லி அனுப்பினார். ரயில் இருக்கும்போது என்ன பயம்? முதல்நாள் இரவு ஏறினால் காலையில் ஏறாவூர் ஸ்டேசன், அங்கிருந்து மாட்டுவண்டியில் கொஞ்சத் தூரம் – அவ்வளவுதானே என்று பெருமையாகப் பதில் அனுப்பினேன்.

தை பிறந்தும் மழை விடவில்லை. விடியும்போது ரயில் வாழைச்சேனையில் நின்றது. நின்றது நின்றதுதான். ஏறாவூருக்கு இந்தப் பக்கம் ஒரு மதகை வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம். றோட்டிலும் வெள்ளம். பஸ்ஸும் இல்லை, வண்டியும் இல்லை.

என் வீட்டார் எல்லோரும் இரண்டு நாளைக்கு முன்பே செங்கலடிக்குப் போய்விட்டார்கள். தாலி அங்கே. கூறை அங்கே. ஐயரும் அங்கே. மாப்பிள்ளை மட்டும் வாழைச்சேனையில்.

ஸ்டேசன் மாஸ்டரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர். என் கதையைக் கேட்டபடி ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தண்டவாளத்தில் ஒரு ட்ரொலி நின்றது. லைன் திருத்தும் ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டு போவார்களே, நாலு சில்லுப் பலகை... அதுதான். உடைந்த இடத்தைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கங்காணி இஸ்மாயில் காக்கா, ஓட்டமாவடிக்காரர்.

"சட்டப்படி ட்ரொலியிலை பயணி ஏறேலாது, தம்பி" என்றார் மாஸ்டர். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, மெல்லச் சொன்னார்: "ஆனா இஸ்மாயிலுக்கு இண்டைக்கு ஒரு ஆள் குறைவு. உமக்குத் தள்ளத் தெரியுமோ?"

தெரியும் என்று சொன்னேன். ட்ரொலியை நான் கிட்டத்தில் பார்த்ததே அன்றைக்குத்தான்.

இஸ்மாயில் காக்கா இடுப்பில் கட்ட ஒரு பழைய சாரன் தந்தார். கோட்டும் காற்சட்டையும் பெட்டிக்குள் போயின. தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ள வேண்டும். வேகம் பிடித்ததும் பாய்ந்து ஏற வேண்டும். மற்றவர்கள் அணில் மாதிரி ஏறினார்கள். நான் இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். மூன்றாம் தடவை காக்கா என் பிடரியில் பிடித்துத் தூக்கிப் போட்டார்.

அதன்பிறகு என்ன சுகம்! இரண்டு பக்கமும் நெல் வட்டையெல்லாம் வெள்ளம். நடுவே எங்கள் பலகை மட்டும் ஓடுகிறது. கொக்குகள் எழும்பிப் போகின்றன. முகத்தில் மழைத்தூறல். கல்யாணக் கவலையைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

கல்குடாவைத் தாண்டி ஓரிடத்தில் சில பெண்கள் லைன் ஓரமாக நின்றார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒரு கிழவி கேட்டாள். மாப்பிள்ளை கொண்டு போகிறோம் என்று காக்கா என்னைக் காட்டினார். அவர்கள் சேறு பூசிய என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குரவை போட்டார்களே பார்க்கலாம்... என் கல்யாணத்தின் முதல் குரவை அதுதான்.

உடைந்த மதகுக்கு வந்து சேர்ந்தோம். மண் முழுக்கப் போய்விட்டது. தண்டவாளம் மட்டும் ஊஞ்சல் மாதிரி அந்தரத்தில் தொங்கியது. கீழே ஆறு போல வெள்ளம். முகூர்த்தத்துக்கு அதிக நேரமும் இல்லை.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஒரு தோணி வருவதைக் கண்டேன். கம்பு ஊன்றி வந்தவன் ஒரு வாலிபன். இடுப்பில் கோவணம் மாதிரி ஒரு துண்டு. தலையில் ஒரு துணிமூட்டை. பெண்ணுக்கு மச்சான் முறையான வேலாயுதம். நிச்சயத்தன்று ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

"கெதியா ஏறுங்க" என்றான். "கோச்சி வராதெண்டு தெரிஞ்சிட்டு. நேரம் தப்பினா என்னை மணவறையில இருத்தப்போறாராம் மாமா, பொம்பிளையிட அப்பா. குளிக்க வார்த்து வேட்டியும் கட்டி விட்டுட்டாங்க."

பிறகு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு வேற இடத்தில மனசு, அண்ணன். அதுதான் உங்களைத் தேடி வேலிக்குப் பின்னால இறங்கி ஓடி வந்தன். இந்தாங்க, உங்கட வேட்டி."

தலையில் இருந்த மூட்டை அதுதான். பட்டு வேட்டி. ஒரு துளி நனையவில்லை.

நாங்கள் தோணியில் போக, சாப்பாட்டுக்கு வருவதாக இஸ்மாயில் காக்கா ட்ரொலியடியில் நின்று கைகாட்டினார். வெள்ளம் கொஞ்சம் வடிந்த பிறகு ஆட்களோடு வந்து, சொன்னபடி முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டுப் போனார்.

செங்கலடியில் எங்களைக் கண்டதும் பெண்ணின் தாய்மாமன் ஓடி வந்தார். கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தானே வாளி வாளியாக என் தலையில் ஊற்றினார். ஈரத்தலையோடு மணவறையில் இருந்தேன். ஐயர் அவசரம் அவசரமாக மந்திரம் சொன்னார். நல்ல நேரத்துக்குள் தாலி ஏறியது.

கையைப் பிடித்துக் கொடுத்தபோது என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மணப்பெண் குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்:

"கிளாக்கர் எண்டுதானே சொன்னாங்க?"

அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. நான் சிரித்த சிரிப்பில் ஐயருக்கு மந்திரம் பிசகிவிட்டது.

யோசித்துப் பார்க்கிறேன். நேரத்துக்கு வந்த ரயில்களில் நான் எத்தனை தடவை பயணம் செய்திருப்பேன்! அதில் ஒன்றாவது நினைவிருக்கிறதா? இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?

அடுத்த ஆவணியில் வேலாயுதத்துக்குக் கல்யாணம். பெண் பக்கத்து வளவு, இடையில் ஒரு வேலிதான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வில்வண்டி பிடிப்போமா என்று நான் கேட்டேன். "வண்டி என்னத்துக்கு அண்ணன்? வேலி பாய்ஞ்சாச் சரிதானே" என்றான்.

வெகுநாளாகப் பாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது என் மாமனாருக்கு அப்போதுதான் விளங்கியது.