அத்தை ஏறாத மேடை

கோவிந்தாபுரம் போகிற வழியில், எங்கள் ஊர் முக்கில் போன வருஷம் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். முறுக்கு மீசை, கையில் ஈட்டி, கீழே 'வெள்ளையனை நடுங்க வைத்த வீரர்'. அது என் அப்பாவின் அப்பாருவாம், அதாவது தாத்தாவாம். அவருக்குப் போட்டோவே கிடையாது.

எங்கள் வீட்டுக்குத் தெரிந்த கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்தில், சந்தைக்குப் போகும் மாடுகளை வழிமறித்து ஓட்டிக்கொண்டு அவர் மலையேறிவிடுவார். பறிகொடுத்தவர்களில் ஒருத்தர்கூட வெள்ளைக்காரர் இல்லை. எல்லாரும் ஒரு ஜோடி மாட்டை நம்பிப் பிழைத்தவர்கள். போலீஸ் வந்து அவர் சம்சாரத்தைப் பனைமரத்தில் கட்டிவைத்து அடித்தது. மலைக்குச் சேதி போயிற்று. அவர் இறங்கி வரவில்லை. அந்த அடியில் அந்தம்மாவுக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. கடைசியில் அவர் பிடிபட்டது கள்ளுக்கடையில். ஜெயிலிலேயே செத்தார்.

அதிலிருந்து நாங்கள் கள்ளன் ஊட்டுக்காரர்கள். என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, எலப்புள்ளியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. உள்ளூர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் மெனக்கெட்டு பஸ் ஏறிப் போய், "அது கள்ளன் வம்சமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கல்யாணம் நின்றது. அப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.

பிளெக்ஸில் இருந்த வீரருக்கு ஊரில் எடுத்த விழாவுக்கு அழைக்க வந்தவர் அந்தப் பெரிய வீட்டுக்காரரின் மகன். வார்டு மெம்பர்.

"ஏனுங்கக்கா, நீங்கதான் வந்து வெளக்கேத்தோணும்."

"என்ற கல்யாணத்த நிறுத்தறக்கு எலப்புள்ளி வரைக்கும் போனது உங்கய்யன்தானுங்களே?" என்று அத்தை கேட்டார்.

"அதெல்லாம் பழைய கதைங்க. இப்ப அவரு நம்மூருக்கே பெருமைங்க."

"பொண்டாட்டியக் கட்டிவெச்சு அடிக்கறப்ப எறங்கி வராத மனுசனுங்க அவரு. அந்தம்மா காதுகிட்டப் போயி நான் கத்திக் கத்திப் பேசியிருக்கறனுங்க."

மெம்பர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வந்துருவீங்கல்லங்க?"

போனேன். பஞ்சாயத்து அங்கன்வாடி வேலைக்கு என் மகள் மனுப் போட்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவருடைய வீரம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது என்றேன். கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அத்தை சோறு போட்டு வைத்திருந்தார்.

"மைக் செட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த வேலை மெம்பரின் தங்கை மகளுக்குப் போய்விட்டது. அத்தையிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.