பல்லக்கா வாய் திறக்கமாட்டாள்

பொய்ப்பல் பதிக்கும் இளஞ்சிவப்புத் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவினாள். ஓரிடத்தில் சொரசொரப்பு. மறுபடி உப்புத்தாள். மறுபடி விரல். பொய்ப்பல் கட்டியவரின் நாக்குக்கு மணல் பரல்கூடப் பாறையாகத் தெரியும்.

தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் மருத்துவமனையில் கூட்டித் துடைக்கப் போனவள், அங்கே உடைந்துபோய்க் கழித்துப்போட்ட பல்செட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மெழுகில் வார்த்து வார்த்துத் தானாகவே தொழிலைக் கற்றுக்கொண்டாள். யாருக்குப் பல் கட்டினாள் என்று மட்டும் சொல்லமாட்டாள். "நம்ம தெருவுல யாருக்கெல்லாம் பொய்ப்பல்லு, சொல்லேன் அண்ணி" என்று நாத்தனார் குடைந்தால், "சோறு ஆறுது, சாப்பிடு" என்பாள்.

அன்று அவள் வீட்டுத் திரைக்குப் பின்னால் ஒரு பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். தட்டு அவருடையது. கல்யாணத்துக்கு முன்பு அவள் கட்டிக்கொடுத்த இரண்டு முன்பற்கள் உடைந்து விழுந்துவிட்டன. மனைவிக்குத் தெரியாமலே இத்தனை வருடம் ஓட்டியவர், இப்போது வீட்டில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அலைந்தார். பேச்சில்லை, சிரிப்பில்லை.

கதவு படாரென்று திறந்தது. கண்டக்டரின் மனைவி.

"அவரு உள்ளதான இருக்காரு? செருப்பு வெளிய கெடக்கு."

"யாரு வந்தாலும் நான் சொல்றதில்லம்மா."

"பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ போன்ல குசுகுசுன்னு பேசுறாரு. யாருன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. எங்கம்மா வீட்டுக்குப் போகப் பையெல்லாம் கட்டி வச்சிட்டேன். போறதுக்குள்ள அவ யாருன்னு பாத்துட்டுப் போறேன்."

அந்தப் போன் வந்தது பல்லக்காவுக்குத்தான். சொன்னால் ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய வார்த்தை அல்ல. திரைப்பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினாள்:

"பையெல்லாம் கட்டியாச்சாம்!"

திரை விலகியது. கண்டக்டர் கைக்குட்டையை இறக்கி, ஓட்டை வாயோடு இளித்தார். "போன் இவங்களுக்குத்தான்டி. பல்லு உடைஞ்சிருச்சு."

மனைவி முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அட பாவி மனுசா, இதுக்கா? பொய்ப்பல்லுன்னு கல்யாணமான புதுசுலயே தெரியும். வெயில்ல நின்னா அது ரெண்டும் மட்டும் நீலம் போட்ட மாதிரி இருக்கும்."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அப்போது அவர் அடம்பிடித்ததால், திரைக்குள் ட்யூப்லைட்டில் நிறம் பார்த்த பற்கள் அவை. மறைக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?"

"அது உங்க அந்தரங்கம், நான் எதுக்குக் கிண்டணும்? இப்பப் பண்ணது திருட்டுத்தனம். ரெண்டும் ஒண்ணா?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "இல்லதான்."

பல்லக்கா அவரை ஜன்னலடியில் உட்காரவைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வாயருகே பிடித்தாள்.

"அந்தப் பழுப்பு" என்றாள் மனைவி. "டீயாக் குடிச்சுத் தள்ளுற வாயிக்கு வெள்ளையெல்லாம் ஓவர்."

பற்களைப் பதித்து, இறுகவிட்டு, மெருகேற்றி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. தட்டைத் தண்ணீரில் அலசியதும் மனைவி ஆவலாகக் கையை நீட்டினாள். பல்லக்கா அந்தக் கையைத் தாண்டிப் போய், கண்டக்டரின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.