அம்மா ஆடவில்லை

விழுப்புரத்தில் கண் டாக்டர் தன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் கண்ணைத் திறந்து, கிண்ணம்போல் குழிந்த அதன் பின்சுவரைக் காட்டியபோது, திண்டிவனத்தில் இன்று செல்போன் கடையாகிவிட்ட அந்த ஃபோட்டோ ஸ்டூடியோவின் புளித்த மருந்து வாசனை என் மூக்கில் ஏறியது. லென்ஸ் காட்சியைக் குழிந்த பரப்பில்தான் கூர்மையாக இறக்கும். கண்ணுக்குள் அந்தக் குழிவு இருக்கிறது, ஃபிலிமோ தட்டை, ஓரம் மங்கிவிடும். அதனால் ஸ்டூடியோக்காரர் குடும்பப் படத்துக்கு நாற்காலிகளைப் பிறைபோல, ஓரங்கள் கேமராவை நெருங்கும்படி வளைத்துப் போடுவார்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த திமிரில் எங்கள் பெரியப்பா, "வட்டமா குந்திக்கினு கூத்து பாக்கவா வந்தோம்? நேரா போடுய்யா" என்றார். ஸ்டூடியோக்காரரும் அப்படியே போட்டார்.

படத்தில், நடுவிலிருந்த பெரியப்பாவின் மீசை மயிர் மயிராகத் தெரிந்தது. ஓரத்தில், கடைசி மருமகளுக்கென்று ஒதுக்கிய நாற்காலியில், அம்மாவின் முகம் வெறும் புகை.

"அசையாதன்னா கேட்டாளா? ஆடிட்டா" என்று தீர்ப்பு சொன்னார் பெரியப்பா, அந்த மேதை.

அம்மாவுக்கு வேறு படமே இல்லை. அன்று அவள் மூச்சுகூட விடவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா?