காப்புக் கட்டிய கை

அம்மனின் பிள்ளைகளே, நான் ஆத்தாளிடம் சண்டை போட்டுத்தான் வரம் வாங்கினேன். அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

2007 தொடக்கத்தில் எனக்குச் சாமி மேலேயே கோபம். விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் துணை முதல்வராக இருந்தேன். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தினமும் இருட்டும் வரை கூட்டம். கணவருக்குத் திருத்தங்கல் அச்சகத்தில் வேலை. ஆர்டர் இருந்தால் வீடு திரும்ப மாட்டார். யு.கே.ஜி. படித்த என் மகள் செல்விக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு மதினிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இன்னொரு முறையும் வரலாம், கூடவே ஆள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கல்லூரிச் செயலாளர் அண்ணாச்சியிடம் சாயங்காலக் கூட்டத்திலிருந்து மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன்.

"பிள்ளையப் பாக்கணும்னா பதவிய விட்டுருங்க டீச்சர். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு நின்னா எப்படி?"

அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவரை யாரும் பதவியை விடச் சொல்லவில்லை.

நேரே மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். அழவில்லை. "ஆத்தா, எனக்கு வேலையும் வேணும், பிள்ளையும் வேணும். ஒண்ணக் குடுத்து ஒண்ணப் பிடுங்குறதுன்னா நீ எதுக்கு இங்கன உக்காந்திருக்க?" என்று கேட்டேன். பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினேன்.

அந்த வாரமே அண்ணாச்சி கூப்பிட்டார். "மதிப்பீட்டு ஃபைல எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் மெட்ராஸ் போயிட்டு வாங்க டீச்சர்."

என் கை முன்னே நீண்டது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. அதை மீறச் சொல்ல எங்கள் ஊரில் எந்த முதலாளிக்கும் துணிச்சல் கிடையாது. லீவு கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிற மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா? விரதக்காரி இம்புட்டு நேரம் இங்கன எதுக்கு இருக்கீக? பொங்கல் முடியுற வரைக்கும் சாயங்காலமானா வீட்டுக்குப் போங்க."

மெட்ராசுக்கு அவரே போனார்.

மறுநாள் சாயங்காலம், வழக்கமாகக் கூட்டம் நடக்கிற அதே நேரத்தில், செல்விக்கு உடம்பு கொதித்தது. வலிப்பு வந்தது. மதினி சாத்தூர் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பிறகு அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். "நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கம்மா" என்றார் டாக்டர். அப்போதுதான் அழுதேன்.

சட்டி எடுத்து முடித்துக் காப்பை அவிழ்த்தேன். கல்லூரியில் அண்ணாச்சி காத்திருந்தார்.

"காப்பு கழத்தியாச்சா டீச்சர்? சாயங்காலம் கூட்டம்."

"கயித்தத்தான் கழத்துனேன் அண்ணாச்சி. ஆத்தா குடுத்த சாயங்காலத்தக் கழத்தல. கூட்டத்தக் காலையில வைங்க, வாரேன்."

"காளி மாதிரில்ல நிக்கீக" என்றார். கூட்டம் காலைக்கு மாறியது.

மதிப்பீடு நல்லபடியாக முடிந்தது. செல்விக்கு அப்புறம் வலிப்பு வரவில்லை. பிறகு நானே முதல்வரானேன். சாயங்காலமானால் என் அறையைப் பூட்டிவிட்டு மற்ற டீச்சர்களையும் வீட்டுக்கு விரட்டுகிறேன். கல்லூரி ஒன்றும் இடிந்து விழவில்லை.

பதவியா பிள்ளையா என்று உங்களையும் கேட்பார்கள். அவர்களிடம் கெஞ்சாதீர்கள். ஆத்தாளிடம் போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள், அவள் தாங்குவாள். ஆனால் ரெண்டையும் கேளுங்கள்.