அண்ணனின் காட்டாமணக்கு எண்ணெய்

எங்கள் பக்கத்தில் காட்டாமணக்கை வேலிக்குத்தான் நடுவார்கள். ஆடு வாய் வைக்காது, விதை விஷம். அதை நடுக்காட்டில் வரிசை பிடித்து நட்டவர் என் அண்ணன்.

காடு என்பது, திருமங்கலத்தைத் தாண்டி அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம். பருத்தியும் கைவிட்ட பிறகு, இரண்டாயிரங்களின் நடுவில், ஏதோ கம்பெனிக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இனி விமானங்கள் இந்த விதையின் எண்ணெயில்தான் பறக்கும், வானம் கெடாது என்றார்கள். வடை, டீ, செடிக்கன்று எல்லாம் கொடுத்தார்கள். காய்த்ததும் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அண்ணன் அன்றைக்கே மயங்கிவிட்டார்.

மதுரை காளவாசலிலிருந்து பார்க்கப் போன தங்கச்சி நான் சும்மா இருப்பேனா?

"வேலிய வயலுக்குள்ள நட்டுட்டு, வயல எங்க வைக்கப் போற அண்ணே?"

"கிண்டல் பண்ணாத தாயி. பெட்ரோல எரிச்சா மண்ணுக்குள்ள கெடந்த கரி அம்புட்டும் மேல போகுது. இது செடி காத்துல இருந்து எடுத்த கரி. திரும்பப் போனாலும் அடுத்த செடி எடுத்துக்கிரும்."

அவருடைய ஒரே மகன் துபாயில் வேலை பார்த்தான். மதுரைக்கு இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனால் அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். "ஒருநா நம்ம எண்ணெயில எம்மகன் வந்து எறங்குவான் பாரு" என்பார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். காய்த்தது. விதையை உலர்த்தி மூட்டை கட்டி வைத்தார். கம்பெனிக்காரர்கள் வரவேயில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்த வடைக்காரர்கள் கையில் கிடைத்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். செக்குக்காரரும் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

"இத ஆட்டுனா நாளைக்கு எவன்ணே என் செக்குல எள்ளு ஆட்டுவான்? விஷமுல்ல."

கடைசியில் அண்ணனே விதையை வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கவைத்து எண்ணெய் வடித்தார். அந்த உரலை மதினி பிறகு சமையலுக்குத் தொடவில்லை. கிடைத்தது ஒரு பாட்டில். வெயிலில் தூக்கிக் காட்டி, "எப்புடித் தெளிஞ்சு கெடக்கு பாத்தியா?" என்றார். எனக்குக் கிண்டல் வரவில்லை, வாங்கி நானும் தூக்கிப் பார்த்தேன்.

அந்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று காட்டிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்து வீட்டுக்காரி நல்லெண்ணெய் கொண்டு வந்தாள். மதினி அதை வாங்காமல் உள்ளே போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்தார். விளக்கில் அவரே ஊற்றினார்.

மகனுக்காகக் காத்திருந்தோம். மறுநாள் விமானச் சத்தம் கேட்டதும் மதினி வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார், அண்ணன் பார்ப்பது போலவே. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

வந்து விழுந்து அழுது முடித்தவன், விளக்கு மங்குவதைக் கண்டு பாட்டிலை எடுத்தான்.

"என்ன எண்ணெய்ம்மா இது?"

"உங்கப்பா எடுத்த எண்ணெய்தான்யா. நீ வந்து எறங்குற வரைக்கும் எரியணும்னு ஊத்துனேன்."

மிச்சத்தை அவன் ஊற்றினான். விளக்கு புகையில்லாமல் எரிந்தது.